தீர்வையும் வீடும்: யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு வரைபடங்களுக்குச் செலவு மதிப்பீடு எழுதித் தருவது என் தொழில். கோண்டாவிலில் என் மேசைக்கு முன்னால் வந்து அமர்பவர்கள் முதலில் கேட்பது, "சதுர அடிக்கு எவ்வளவு முடியும்?" என்பதைத்தான். சில ஆண்டுகளாக அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் வருகிறது: "இறக்குமதி வரி கூடப்போகிறதாமே, இப்போதே தொடங்குவதா, பொறுப்பதா?" வாழ்நாள் சேமிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இறக்குமதித் தீர்வையை உண்மையில் கட்டுவது யார்?

சுங்கத்தில் கட்டுபவர் இறக்குமதியாளர். சுமப்பவர் நீங்கள். இறக்குமதியாளர் கட்டிய தொகை அவருடைய கொள்விலையோடு கலந்துவிடுகிறது. அதன் மேல் அவர் இலாபம் வைக்கிறார், மொத்த வியாபாரி வைக்கிறார், கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஏற்றி வருகிற லொறிக்காரர் கூலி கேட்கிறார், கடைசியாக நம்மூர் ஹாட்வெயார் கடைக்காரர் தன் பங்கை வைக்கிறார். இலாபம் பெரும்பாலும் நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் வைக்கப்படுகிறது. ஆகவே துறைமுகத்தில் கூடிய 10 ரூபாய், உங்கள் கைக்கு வரும்போது 10 ரூபாயாக நிற்பதில்லை. கடைச்சிட்டையில் வற் என்கிற பெறுமதி சேர் வரி தனியே தெரியலாம். தீர்வை ஒருபோதும் தெரியாது.

தீர்வை என்பது ஒரே வரிதானே? ஏன் இவ்வளவு குழப்பம்?

ஒரே வரியாக இருந்திருந்தால் நான் இந்தப் பக்கத்தையே எழுதியிருக்க மாட்டேன். இலங்கைக்குள் வரும் ஒரு பொருளின் மேல் பல அடுக்குகள் ஏறுகின்றன. முதலாவது சுங்க இறக்குமதித் தீர்வை. இரண்டாவது துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு. மூன்றாவது, சில பொருட்களுக்கு மட்டும், செஸ் என்கிற மேலதிக வரி. இது 1979ஆம் ஆண்டின் ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் விதிக்கப்படுவது. பிறகு 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடு. இறுதியாகப் பெறுமதி சேர் வரி என்கிற வற். 2019 டிசெம்பரில் 8 வீதத்துக்கு இறக்கப்பட்ட அந்த வரி, 2022இல் 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் ஏறி, 2024 ஜனவரி 1 முதல் 18 வீதமாக இருக்கிறது.

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு பெட்டி டைல்ஸ், கப்பற் கூலியும் காப்புறுதியும் சேர்த்துக் கொழும்பில் இறங்கும்போது 100 ரூபாய் என்று வையுங்கள். தீர்வை 20 வீதம், துறைமுக அறவீடு 10 வீதம், செஸ் 15 வீதம் என்று எடுத்துக்கொள்வோம். வழிமுறையைக் காட்டுவதற்காக நான் தெரிந்த வீதங்கள் இவை. பொருளுக்குப் பொருள் இவை மாறும். தீர்வை 20 ரூபாய். அறவீடு 10 ரூபாய். செஸ் 100 ரூபாயின் மேல் விழுவதில்லை; அதோடு 10 வீதம் கூட்டி 110 ரூபாயின் மேல் விழுகிறது, ஆகவே 16 ரூபாய் 50 சதம். இப்போது வற்றுக்கு அடித்தளம் எது? அதே 110, அதோடு மேலே கட்டிய மூன்றும் சேர்ந்து 156 ரூபாய் 50 சதம். அதில் 18 வீதம் 28 ரூபாய் 17 சதம். 2.5 வீத அறவீடு இன்னும் 3 ரூபாய் 91 சதம். கூட்டினால் வரி மட்டும் ஏறக்குறைய 78 ரூபாய் 58 சதம்; 100 ரூபாய்ப் பெட்டி 178 ரூபாயைத் தாண்டிவிட்டது. செஸ்ஸை எடுத்துவிட்டுப் போட்டால் 58 ரூபாய் 70 சதம்.

வரியின் மேல் வரி விழுகிறது என்பதை இந்தக் கணக்கில் பார்க்கலாம். 15 வீதம் என்று சொல்லப்பட்ட செஸ், இறுதியில் 20 ரூபாய்க்குக் கிட்ட விலையைக் கூட்டிவிட்டது. பத்திரிகையில் "5 வீத அதிகரிப்பு" என்று வாசித்தால் வீட்டில் 5 வீதம் என்று நினைத்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வற்றுக்குப் பதிவு செய்த வியாபாரி துறைமுகத்தில் கட்டிய வற்றைப் பின்னர் கழித்துக்கொள்ள முடியும். தீர்வையும் செஸ்ஸும் துறைமுக அறவீடும் அப்படிக் கழிவதில்லை; விலைக்குள் அப்படியே கிடக்கும்.

நான் உள்ளூர்ப் பொருட்களைத்தான் வாங்கப் போகிறேன். எனக்கு இது பொருந்தாது அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன். மதிப்பீட்டில் பெரிய பிழை இங்கேதான் பிறக்கிறது.

முதலில், "உள்ளூர்" என்று எழுதியிருக்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பீ.வீ.சீ. குழாய் இங்கே வார்க்கப்படுகிறது. அதன் பிசின் கப்பலில் வருகிறது. மின்கம்பி இங்கே இழுக்கப்படுகிறது. செம்பு வெளியிலிருந்து வருகிறது. அலுமினிய யன்னல் சட்டம் இங்கே உருவாக்கப்படுகிறது. அலுமினியம் வெளியிலிருந்து வருகிறது. கொங்கிறீட்டுக்குள் போகும் முறுக்குக் கம்பியை இங்கே உருட்டுகிறார்கள். உருட்டுவதற்கான இரும்புப் பாளங்களில் பெரும்பகுதி இறக்குமதி. ஆக, டொலர் ஏறினால் இவையும் ஏறும்.

இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. செஸ் போன்ற வரிகள் உள்ளூர்த் தொழிலைக் காக்கும் வேலியாகப் போடப்படுகின்றன. நம் ஊரில் வேலியின் அருமை எல்லோருக்கும் தெரியும்: இளங்கன்றைச் சுற்றிக் கிடுகு கட்டுகிறோம், ஆடு கடிக்காமல் இருக்க. ஆனால் வெளியிலிருந்து வரும் டைல்ஸ் 178 ரூபாய்க்குக் குறைய முடியாது என்று தெரிந்த பின், உள்ளூர் உற்பத்தியாளர் ஏன் 110க்கு விற்க வேண்டும்? 165 என்று வைத்தாலும் அவருடையதுதான் மலிவு. அந்த 55 ரூபாயில் பெரும்பகுதி அரசுக்கும் போகவில்லை, திறைசேரிக் கணக்கிலும் இல்லை. ஆனாலும் உங்கள் பையிலிருந்து போய்விட்டது. கட்டடப் பொருட்களின் மேல் உள்ள இத்தகைய வரிகளைப் பற்றிக் கொழும்பிலுள்ள அட்வகாட்டா ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. உள்ளூர்த் தொழிலில் வேலை செய்யும் குடும்பங்களும் நம் மக்கள்தான், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கன்று மரமாகிக் காய்த்த பிறகும் வேலியின் செலவை வீடு கட்டுகிற ஏழையே கொடுக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. இந்த வேலிகளைப் படிப்படியாகக் குறைப்பதாக அடுத்தடுத்து வந்த அரசுகள் வாக்களித்திருக்கின்றன. வர்த்தமானியில் வரும்வரை நான் அதை மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை.

சீமெந்து? அது நம் நாட்டில் செய்வதுதானே?

பாதி உண்மை. சீமெந்தின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக் கல்லைக் களிமண்ணோடு சூளையில் சுட்டு எடுக்கும் அந்தக் கட்டியை அரைத்தால்தான் சீமெந்து. புத்தளத்தில் அருவக்காட்டுக் கல்லைக் கொண்டு அதை இங்கேயே சுடுகிறார்கள். திருகோணமலையில் பல பத்தாண்டுகளாக நடப்பது இறக்குமதிக் கிளிங்கரை அரைப்பது. அதனால் சீமெந்து மூடையில் தீர்வையைவிட டொலரின் கை நீளம்.

2021 நடுப்பகுதியில் 50 கிலோ மூடை ஏறக்குறைய 1,000 ரூபாய். 2022 நடுப்பகுதியில் 3,000 ரூபாயைத் தொட்டது. இடையில் தீர்வை மூன்று மடங்காகவில்லை. 200 ரூபாயில் நின்ற டொலர் 360ஐத் தாண்டியதும், எரிபொருள் ஏறியதும், கப்பற் கூலியும் சேர்ந்து செய்த வேலை அது. நீர்வேலியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவின் வீடு அப்போது நிலை மட்டத்துக்கு மேலே எழும்பி, கூரையும் போட்ட நிலையில் இருந்தது. பூச்சுக்கு வைத்திருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மூடைகூட வாங்க முடியவில்லை. அந்த மாரி முழுவதும் சுவர் பூசாமல் நின்றது. தை பிறந்து நான் போய்ப் பார்த்தபோது வடக்குச் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பாசி பிடித்திருந்தது. அம்மா ஒரு தென்னை ஈர்க்கினால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருடைய மதிப்பீட்டை எழுதியவன் நான். விலை ஏறினால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் குறை இன்றும் எனக்கு உறுத்துகிறது.

காங்கேசன்துறை ஆலை ஓடியிருந்தால் நமக்கு மலிவாக இருந்திருக்குமா?

பெரியவர்கள் எல்லோரும் கேட்பது. 1950இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. 1990இல் போரோடு நின்றது. அதன் பிறகு வந்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் கம்பியும் வடக்குக்கு வருவதே தடுக்கப்பட்டது. சீமெந்து ஆலையின் சங்கு கேட்டு வளர்ந்த மக்கள், ஒரு மூடை சீமெந்துக்கு ஏங்கி நின்றார்கள். அந்த வேதனையில் இருந்துதான் இந்தக் கேள்வி வருகிறது என்பது எனக்குப் புரிகிறது.

ஆலை இருந்திருந்தால் லொறிக் கூலி மிஞ்சியிருக்கும், கிளிங்கருக்கான டொலரும் மிஞ்சியிருக்கும். ஆனால் சூளைக்கான எரிபொருள் அப்போதும் வெளியிலிருந்துதான். அதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு: குடாநாட்டின் குடிநீரில் பெரும்பகுதி தங்கியிருப்பது அந்தச் சுண்ணாம்புக் கற்படுக்கையில்தான். கல்லைத் தோண்டித் தோண்டிக் கிணற்றைக் கெடுத்துக்கொண்டு மலிவான சீமெந்து பெறுவதை நான் விரும்பமாட்டேன்.

அப்படியானால் வீட்டின் எந்தப் பகுதியில் தீர்வை அதிகம் அடிக்கிறது?

முடிப்பு வேலையில். அத்திவாரம், சுவர், பூச்சு வரைக்கும் கல்லும் மணலும் மண்ணும் கூலியும்தான் பெரும்பகுதி. அவற்றில் மணலுக்கு விலை வைப்பது சுங்கம் அல்ல, அனுமதிப் பத்திரமும் தூரமும். குளியலறைக்குள் நுழைந்தால் கதை மாறுகிறது: டைல்ஸ், குந்து கழிப்பறை அல்லது கொமட், வாஷ்பேசின், குழாய்த் தலைகள், கண்ணாடி, பூட்டு, கீல், மின்விளக்கு. அளவில் சிறியவை, தீர்வையில் பெரியவை.

1,000 சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 400 மூடை சீமெந்து என்பது மேசன்மார் வாய்க்கணக்கு. மூடைக்கு 100 ரூபாய் கூடினால் 40,000 ரூபாய். அதே வீட்டின் தரைக்கு, நம்மூரில் மாபிள் என்று சொல்லும் அந்த டைல்ஸில், சதுர அடிக்கு 100 ரூபாய் கூடினால் ஒரு லட்சம். வெட்டுச் சேதத்துக்கும் சேர்த்தால் அதற்கும் மேல். சீமெந்து விலை ஏறினால் ஊரே பேசுகிறது. டைல்ஸ் விலை ஏறினால், "நல்ல டிசைன், அதுதான் விலை" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து அண்ணா டொலரில் அனுப்புகிறார். எங்களுக்குப் பாதிப்பு இல்லைத்தானே?

ரூபாய் விழும்போது உங்களுக்கு ஒரு மெத்தை இருக்கிறது. ஆனால் அது முழுவதும் தாங்காது. மேலே சொன்ன சீமெந்தையே டொலரில் மாற்றிப் பாருங்கள். 2021இல் மூடைக்கு 5 டொலர். 2022 உச்சத்தில் 8 டொலருக்கும் மேல். பின்னர் விலை 2,000க்கும் 2,400க்கும் இடையில் இறங்கி, டொலர் 300ஐ ஒட்டி நின்றபோது, ஏறக்குறைய 7 டொலர். ஆக, டொலரில் அனுப்பியவரும் முன்பைவிடக் கூடத்தான் கொடுத்தார். வரி நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் விழுகிறது. எந்த நாணயத்தில் காசு வந்தாலும் அது குறையாது.

அண்ணாமாருக்கு ஒரு வேண்டுகோள். தொரொன்டோவிலோ இலண்டனிலோ இருந்துகொண்டு, "அங்கே இதெல்லாம் மலிவுதானே" என்று இங்கே வேலையைக் கவனிக்கும் தம்பியிடம் கணக்குக் கேட்காதீர்கள். உங்கள் நகரத்தில் கடைக்குப் போய் வாங்குகிற ஒரு தண்ணீர்க் குழாய், இங்கே அதைவிடக் கூடிய விலையில் இருப்பது உண்மை. தம்பி களவெடுக்கவில்லை. மேலே போட்ட 178 ரூபாய்க் கணக்கை ஒருமுறை வாசியுங்கள்.

நாகபட்டினம் கப்பலில் போய் டைல்ஸ், பொருத்துகள் வாங்கி வரலாமா?

2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஒகஸ்டில் மீண்டும் ஓடிய காங்கேசன்துறை–நாகபட்டினம் சேவை பயணிகளுக்கானது. பயணப்பொதிக்குக் கிடைக்கும் சுங்கச் சலுகை சொந்தப் பாவனைப் பொருட்களுக்கானது. ஒரு வீட்டுக்கான டைல்ஸைப் பொதியென்று காட்ட முடியாது. அதன் நிறையையும் நினைத்துப் பாருங்கள்.

முறைப்படி சரக்காகக் கொண்டுவருவது வேறு விடயம். 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ், இந்தியாவில் உற்பத்தியான பல பொருட்களுக்குச் சுங்கத் தீர்வையில் சலுகை உண்டு. உற்பத்தி மூலச் சான்றிதழ் வேண்டும். ஆனால் விலக்குப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அதிலுள்ள பொருட்களுக்குச் சலுகை இல்லை. சலுகை கிடைத்தாலும் அது சுங்கத் தீர்வைக்கு மட்டும். செஸ்ஸும் துறைமுக அறவீடும் வற்றும் அப்படியே நிற்கும். "இந்தியச் சாமானுக்கு வரியே இல்லை" என்று யாராவது சொன்னால், எந்த வரி என்று திருப்பிக் கேளுங்கள்.

கொள்கலனில் வெளிநாட்டிலிருந்து குசினி அலுமாரிகளை அனுப்புவதும் அப்படித்தான். அனுப்புவதற்கு முன், சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் உங்கள் பொருளுக்குரியதைக் கண்டுபிடித்து, தீர்வை அட்டவணையில் வீதத்தைப் பார்த்து, சுங்க முகவரிடம் எழுத்தில் கணக்குப் பெறுங்கள். கொழும்பில் இறங்கிய பிறகு விசாரித்தவர்கள், ஒவ்வொரு நாளும் ஏறும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்கா இலங்கைக்கு வரி போட்டதே, அதனால் சீமெந்து ஏறுமா?

நேரடியாக இல்லை. 2025 ஏப்ரலில் 44 வீதம் என்று அறிவித்து, ஜூலையில் 30 என்று சொல்லி, ஒகஸ்டில் 20க்கு இறக்கிய அந்த வரி, நம் ஆடைகள் போன்றவை அமெரிக்காவுக்குள் போகும்போது அங்கே அறவிடப்பட்டது. நம் வீட்டுக்கு வருவது நம் அரசு போடும் வரி. ஆனால் ஏற்றுமதி தளர்ந்தால் டொலர் வரவு தளரும். டொலர் வரவு தளர்ந்தால் ரூபாய் தளரலாம். அந்தச் சுற்றுவழியில்தான் அது உங்கள் அத்திவாரத்துக்கு வந்து சேரும்.

வரி குறைத்ததாகச் செய்தி வந்தது. கடையில் ஏன் விலை இறங்கவில்லை?

கடையில் அடுக்கியிருப்பது பழைய வரி கட்டிய சரக்கு. அது விற்று முடிய வேண்டும். புதிய சரக்கு கப்பலில் வர வேண்டும். இது நியாயமான தாமதம். நியாயமற்றதும் உண்டு: ஏறும்போது அன்றைக்கே ஏறுகிறது, இறங்கும்போது மட்டும் "பழைய ஸ்டொக்" நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். சுன்னாகம், கொடிகாமம், கிளிநொச்சி வரை விலை கேளுங்கள். மூன்று இடத்தில் கேட்டு எழுதிய துண்டைக் கையில் வைத்திருப்பவரிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறு.

வரி ஏறும் என்ற பயத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா?

எதை என்பதைப் பொறுத்தது. சீமெந்தை வாங்கி அடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் அதன் வலு குறையும். நம்மூர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதற்கு முன்னரே கட்டிபிடிக்கும். 2022இல் பயத்தில் வாங்கி அறைக்குள் சுவரோடு சாத்தி அடுக்கிய மூடைகள், வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தன. பிரித்தால் உள்ளே கல். சம்மட்டியால் உடைத்து அரித்துப் பாவிக்கலாமா என்று கேட்டார்கள். பூச்சுக்குக்கூட வேண்டாம் என்றேன். கொஞ்சம் வைத்திருக்க வேண்டி வந்தால், பலகை போட்டு நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தறப்பாளால் மூடி வையுங்கள்.

டைல்ஸ் வேறு விடயம். அதற்குக் காலாவதி இல்லை. அதோடு வேறொரு வலுவான காரணமும் உண்டு. டைல்ஸ் பெட்டியின் பக்கத்தில், அளவுக்குக் கீழே, சிறிய எழுத்தில் தொகுதி எண்ணும் நிற எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். ஒரே பெயர், ஒரே டிசைன், ஆனால் அந்த எண் மாறினால் நிறம் ஒரு நூல் மாறும். 2020இல் டைல்ஸ் உட்படப் பல பொருட்களின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது, பாதித் தரைக்கு வாங்கியிருந்தவர்கள் மீதிக்கு அலைந்தார்கள். சுன்னாகத்தில் ஒரு வீட்டில் விறாந்தையிலிருந்து சாமியறைக்குப் போகும் வழியில், பகலில் வெயில் சாய்ந்து விழும்போது, கோடு கீறியது போல நிறம் பிரிவது இன்றும் தெரிகிறது. ஆகவே தரை டைல்ஸை ஒரே தடவையில், ஒரே எண்ணில், வெட்டுச் சேதத்துக்கு நூற்றுக்கு 5 முதல் 10 கூட்டி வாங்குங்கள். மிஞ்சும் இரண்டு பெட்டியை எறியாமல் வையுங்கள்.

கம்பியை வாங்கி வைக்கலாம், ஆனால் நிலத்தில் போடக்கூடாது. கடலோரக் காற்று வீசும் இடமென்றால் வைக்கவே வேண்டாம்.

கொந்தராத்துக்காரரோடு என்ன எழுதிக்கொள்ள வேண்டும்?

அரசு கட்டடங்களில் விலை ஏற்ற இறக்கத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை வெளியிடும் விலைச் சுட்டெண்களை வைத்து, ஏறினால் கூட்டியும் இறங்கினால் குறைத்தும் கொடுக்கிறார்கள். தனியார் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பக்கத் தாளில் மொத்தத் தொகை மட்டும் எழுதுகிறோம். பிறகு விலை ஏறினால், நல்ல மனிதர் வந்து கைகட்டி நிற்பார். மற்றவர் கம்பியைக் குறைப்பார். இரண்டுமே உங்களுக்குத் துன்பம்.

நான் இப்போது எழுதச் சொல்வது இதுதான். ஒப்பந்த நாளில் சீமெந்து, கம்பி, டைல்ஸ் ஆகியவற்றின் விலையைத் தாளிலேயே குறியுங்கள். நூற்றுக்கு 5 வரை ஏறினால் அவர் தாங்குவார். அதற்கு மேல் ஏறினால் வேறுபாட்டை, கடைச்சிட்டையைக் காட்டினால், நீங்கள் தருவீர்கள். இறங்கினால் அதே கணக்கில் நீங்கள் கழிப்பீர்கள். இயலுமானால் கூலிக்கு மட்டும் அவரோடு பேசி, பொருளை நீங்களே வாங்குங்கள். வீட்டில் நின்று பார்க்க ஆள் இருந்தால் இது நல்லது, இல்லாவிட்டால் வேண்டாம்.

தீர்வையிலிருந்து தப்ப, வடிவமைப்பிலேயே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். என் அனுபவத்தில் அதிகம் மிஞ்சுவது கூரையிலும் தரையிலும்தான்.

கூரைக்குச் சுட்ட மண் ஓடு நம் நாட்டுப் பொருள். தங்கொட்டுவ, வைக்கால் பக்கத்திலிருந்து வருகிறது. அதன் கீழே கூரை மரங்களான தீராந்தியும் சலாகையும் முதிர்ந்து வைரம் பாய்ந்த பனையாக இருந்தால், இறக்குமதிப் பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் கொடுப்பது மிஞ்சும்; சித்திரை வெயிலில் வீடும் குளிரும். பனை தறிக்கவும் மரத்தை ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒன்று தறித்தால் பத்துக் கொட்டையாவது ஊன்றுங்கள்.

அஸ்பெஸ்டஸ் மலிவு என்று போகாதீர்கள். அந்த நார் மூச்சுப்பைக்குத் தீங்கு. அது ஏன் இன்னும் விற்கிறது என்பதிலும் வணிகம் இருக்கிறது: 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு திட்டமிட்டிருந்தது. 2017 டிசெம்பரில் ஒரு தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்குப் பெருமளவில் விற்பதும் ரஷ்யாதான். அரசு பின்வாங்கியது, தேயிலையும் மீண்டும் ரஷ்யாவுக்குப் போனது.

தரைக்கு, நம் பழைய நாற்சார் வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரையை நினைத்துப் பாருங்கள். நல்ல மேசன் தேய்த்து மினுக்கிய தரை, ஐம்பது அறுபது ஆண்டு கழித்தும் காலுக்குக் குளிர்ச்சியாகக் கிடக்கிறது. நிறப்பொடி வெளியிலிருந்து வந்தாலும் அது சில கிலோதான். தேர்ந்த கை கிடைப்பதுதான் இன்று கடினம். வயதான மேசன்மார் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு இளைஞரை உதவிக்கு விட்டுச் செய்வித்தால் வேலையும் பழகும்.

குளியலறைக்கு இன்னொன்று. குடாநாட்டுக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் பிடிக்கும் அந்த வெள்ளைப் படிவு, மினுமினுக்கும் இறக்குமதிக் குழாய்த் தலையிலும் பூவாளியின் துளைகளிலும் பிடிக்கும். ஆறு மாதத்தில் மினுக்கம் போய்விடும். அடுக்கடுக்காக வரி கட்டி வந்த ஒரு பொருளைச் சுண்ணாம்புக்குக் கொடுப்பதைவிட, பிரித்துத் துப்புரவாக்கக்கூடிய, உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும் எளிய குழாயை வாங்குங்கள்.

முழுவதும் கட்டக் காசு இல்லை. வரி குறையும்வரை பொறுப்பதா?

வரிக்காகப் பொறுக்க வேண்டாம். அது எப்போது குறையும் என்பதை வைத்து யாரும் வீட்டுக்கு நாள் குறிக்க முடியாது. கையிலிருக்கும் பணத்தில் கூரை போட்டு, வெளிப்பூச்சை முடித்து, ஒரு அறையும் குசினியும் குளியலறையும் பாவிக்கும்படி செய்யுங்கள். வடக்கு, கிழக்குச் சுவர்களை மாரிக்கு முன் கட்டாயம் பூசிவிடுங்கள். டைல்ஸும் அலுமாரியும் மேல்விளக்கும் பிறகு வரலாம்.

நீர்வேலி அம்மா அப்படித்தான் செய்தார். 2023இல் மூடை விலை இறங்கத் தொடங்கியதும் முதலில் வாங்கியது வடக்குச் சுவருக்கு. ஆவணியில் குடிபூரல். உள்ளே தரை அப்போதும் வெறும் கொங்கிறீட்தான்; அதன் மேல் பனையோலைப் பாய் விரித்து எங்களுக்குச் சோறு போட்டார்.